கடவுள் பேசாத புத்தகமும் அவரை அழவைத்த உரையும்: மித்ராஷ் ஓர் அறிமுகம்

ரபான் கமாலியேல் என்ற யூத ஞானியின் அக்கம்பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். இளம் மகனைப் பறிகொடுத்தவள். ராத்திரியானால் அழுவாள். அந்தச் சத்தம் கமாலியேலின் காதில் விழும். விழுந்ததும் அவருக்கு எருசலேமில் இடிந்துபோன யூத ஆலயத்தின் நினைவு வந்துவிடும். அவரும் அவளோடு சேர்ந்து அழுவார். அழுது அழுது கண்ணிமை மயிரெல்லாம் உதிர்ந்துபோயிற்றாம். சீடர்கள் இதைக் கவனித்தார்கள். அந்தப் பெண்ணை அங்கிருந்து வேறு இடத்துக்குக் குடிமாற்றிவிட்டார்கள்.

கதை அவ்வளவுதான். இது வருவது ஒரு வேத வசனத்துக்கான உரையில். விவிலியத்தில் 'புலம்பல்' என்று ஒரு சின்ன நூல் இருக்கிறது, ஐந்தே அதிகாரம். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமையும் அதன் ஆலயத்தையும் எரித்து, மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனதற்கான ஒப்பாரி அது. முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், விதவையாகிவிட்ட நகரம் 'அழுது அழுகிறாள், இரவில்' என்று எபிரேயத்தில் இருக்கிறது. தமிழ் பேசுகிற நமக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. நாமும்தான் 'அழுது அழுது' என்கிறோம். அழுத்தம் கொடுக்க இரட்டித்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவோம்.

யூத வேத ஆசான்களான ரபிகள் தாண்ட மாட்டார்கள். ஏன் இரண்டு அழுகை? ஒன்று பாபிலோனியர் எரித்த முதல் ஆலயத்துக்கு, மற்றது பின்னாளில் ரோமானியர் எரித்த இரண்டாம் ஆலயத்துக்கு. சரி, ஏன் இரவில்? இரவில்தான் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். கேட்டால் என்ன? கேட்கிறவனும் கூடச் சேர்ந்து அழுவான். அதற்கு என்ன சாட்சி? கமாலியேலின் அக்கம்பக்கத்துப் பெண்.

மித்ராஷ் என்பது இதுதான். 'தராஷ்' என்ற எபிரேய வினைக்குத் தேடுவது, விசாரிப்பது, துருவிக் கேட்பது என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர். வசனத்தைத் துருவும் வேலைக்கும் மித்ராஷ் என்றுதான் பெயர், துருவிக் கிடைத்த ஒவ்வொரு விளக்கத்துக்கும் அதே பெயர், அந்த விளக்கங்களைச் சேர்த்துக் கட்டிய நூலுக்கும் அதே பெயர். புதிதாகப் படிக்கிறவர்களை முதலில் குழப்புவது இந்த விஷயம்தான். சட்டம் பேசுகிற மித்ராஷ் தனி வகை, அதை இங்கே விட்டுவிடலாம். கதையும் உவமையும் பிரசங்கமுமாக வருகிற வகைக்கு 'அகதா' என்று பெயர். நமக்கு வேண்டியது அது.

உரை என்றதும் நமக்குப் பதவுரையும் பொழிப்புரையும் நினைவுக்கு வரும். வசனத்தின் நேர்ப்பொருளைச் சொல்லும் அந்த வேலைக்கு யூத மரபில் 'பெஷாத்' என்று வேறு சொல் இருக்கிறது. மித்ராஷ் நேர்ப்பொருளோடு சண்டை போடுவதில்லை. நேர்ப்பொருள் எதைச் சொல்லாமல் விட்டதோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேதத்தில் ஒரு எழுத்துகூட வீணுக்கு எழுதப்படவில்லை என்பது ரபிகளின் நம்பிக்கை. ஆகவே ஒரு சொல் தேவையில்லாமல் திரும்ப வந்தால், எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வித்தியாசப்பட்டால், பேசவேண்டியவர் பேசாமல் இருந்தால், அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

புலம்பல் நூலுக்கான மித்ராஷ் தொகுப்புக்கு 'எய்கா ரப்பா' என்று பெயர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் அன்றைய ரோமானியப் பாலஸ்தீனத்தில் தொகுக்கப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. எபிரேயமும் அரமேயமும் கலந்த நடை, நடுநடுவே கிரேக்கச் சொற்களும் தலைகாட்டும். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். பாபிலோனியர் எரித்த ஆலயத்தின் இடத்தில் இரண்டாம் ஆலயம் எழுந்தது. கி.பி. 70-ல் டைட்டஸ் தலைமையில் வந்த ரோமானியப் படை அதையும் எரித்தது. 132-ல் பார் கோக்பா தலைமையில் ஒரு கிளர்ச்சி எழுந்தது. 135-ல் பேத்தார் கோட்டை விழுந்ததோடு அதுவும் முடிந்தது. எருசலேம் 'ஏலியா கபிதோலினா' என்ற பெயரில் ரோமானிய நகரமாகிவிட்டது, யூதர்கள் அங்கே குடியிருக்கத் தடை.

அதன்பின் யூதக் கல்வி வடக்கே கலிலேயாவுக்கு நகர்ந்தது. அங்கிருந்தபடி ரபிகள் பாபிலோனைப் பற்றிய ஒப்பாரியைப் படித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததோ ரோம். அதனால்தான் இந்த மித்ராஷில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்துபோகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ரோமானியப் பேரரசர்கள் வெஸ்பாசியனும் ஆட்ரியனும் வந்து நிற்கிறார்கள். யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9-ஆம் நாளில் நடந்தவை என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு ஐந்து கேடுகளை வரிசையாகச் சொல்கிறது. பாலைவனத்தில் திரிந்த தலைமுறை வாக்களித்த நாட்டுக்குள் நுழையக்கூடாது என்ற தீர்ப்பு, இரண்டு ஆலயங்களின் அழிவு, பேத்தாரின் வீழ்ச்சி, எருசலேமை ஏர்பூட்டி உழுதது ஆகிய அத்தனையும் ஒரே தேதியில். துக்கத்துக்கு ஒரே ஒரு நாள், அதில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்கள். இன்றும் அந்த நாளில் நோன்பிருந்து, தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் புலம்பலை இராகத்தோடு வாசிக்கிறார்கள்.

இந்த மித்ராஷில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குறிப்பு உண்டு. 'ஆண்டவர் இரக்கமில்லாமல் விழுங்கினார்' என்ற ஒரே வசனத்துக்கு ரபி யோகனான் 60 விதமாக விளக்கம் சொல்வாராம். அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர், எல்லோரும் வெறுமனே 'ரபி' என்று அழைத்த யூதா, 24 விதமாகத்தான் சொல்வார். அப்படியானால் யோகனான் பெரிய அறிவாளியா? இல்லை. ரபி காலத்தால் அழிவுக்கு அருகில் இருந்தவர். விளக்க ஆரம்பித்தால் நினைவு வந்து அழ ஆரம்பித்துவிடுவார், பேச்சு அங்கே நின்றுவிடும். துக்கம் ஆறின பிறகுதான் உரை நீளும் என்பதை ஒரு எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

இப்போது பெரிய மௌனத்துக்கு வருவோம். புலம்பல் நூலில் நகரம் பேசுகிறது, கவிஞர் பேசுகிறார், அடிபட்ட ஒருவன் பேசுகிறான். 'பாரும் கர்த்தாவே' என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். ஐந்து அதிகாரத்திலும் கடவுள் அவர்களுக்குப் பதில் சொல்வதே இல்லை. ரபிகளுக்கு இதைவிடப் பெரிய கதவு கிடைக்காது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கடவுள் வாயில் தாங்களாக ஒரு வசனத்தை வைத்துவிட முடியாது. அவர் பேசினார் என்றால் அது ஏற்கெனவே வேதத்தில் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும்.

நூலின் முதல் சொல் 'எய்கா'. 'எப்படி!' என்று பொருள். எப்படி ஜனம் நிறைந்திருந்த நகரம் இப்படித் தனியே உட்கார்ந்துவிட்டாள்! தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதை 'ஐயோ!' என்று தொடங்குகிறது. உணர்ச்சிக்கு அதைவிடச் சரியான தமிழ்ச் சொல் கிடையாது. ஆனால் செசரியாவில் வாழ்ந்த ரபி அபாகு பிடித்த நூலிழை தமிழில் தெரியாது. வேதச்சுருளில் மெய்யெழுத்துகள்தான் இருக்கும், உயிரொலியை வாசிப்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'எய்கா'வுக்கு ஆலெஃப், யோத், காஃப், ஹே என்று நான்கு எழுத்து. அதே நான்கு எழுத்தும் அதே வரிசையில் இன்னொரு இடத்திலும் வருகின்றன. ஏதேன் தோட்டத்தில், கனியைத் தின்றுவிட்டு மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஆதாமைக் கடவுள் கூப்பிடுகிறாரே, அங்கே. 'அய்யெக்கா?' நீ எங்கே இருக்கிறாய்?

அபாகு நேராக இந்த இடத்துக்கு வருவதில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் 'அவர்களோ ஆதாமைப்போல் உடன்படிக்கையை மீறினார்கள்' என்ற வசனத்தில் தொடங்குகிறார். ஆதாமைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தேன், கட்டளை கொடுத்தேன், மீறினான், வெளியே துரத்தினேன், அவனுக்காக 'எய்கா' என்று புலம்பினேன். அவன் பிள்ளைகளையும் நாட்டுக்குள் கொண்டுவந்தேன், கட்டளை கொடுத்தேன், மீறினார்கள், துரத்தினேன், 'எய்கா' என்று புலம்பினேன். உயிரொலிகளை மாற்றினார், அவ்வளவுதான். விசாரணைக் கேள்வியாக இதுவரை நாம் படித்துவந்த 'எங்கே இருக்கிறாய்' ஒப்பாரியாகிவிட்டது. புலம்பலின் முதல் சொல்லும் இடிந்த நகரத்தைப் பார்த்து அழுகிறவனின் சொல்லாக மட்டும் இல்லாமல், துரத்தினவரின் சொல்லாகவும் ஆகிவிட்டது. நூலெங்கும் வாய்திறக்காதவர் முதல் சொல்லிலேயே அழுதுவிட்டார்.

எங்கோ தூரத்தில் ஒரு வசனத்தைப் பிடித்து, சுற்றி வளைத்து, அன்றைக்கு வாசிக்கவேண்டிய நூலின் முதல் வசனத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அந்தக் காலத்துப் பிரசங்க உத்தி. எய்கா ரப்பாவின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட முன்னுரைகள் 36 என்பது மரபுக் கணக்கு. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'எய்கா'வின் நான்கு எழுத்தையும் கூட்டினால் 1, 10, 20, 5 ஆக 36. எது எதற்காகப் பொருத்தப்பட்டது என்று கேட்கக்கூடாது.

இன்னொரு இடத்தில் கடவுள் தேவதூதர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். மனித அரசன் ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வான்? வாசலில் சாக்குத்துணியைத் தொங்கவிடுவான். நானும் செய்கிறேன், வானத்தைக் காரிருளால் உடுத்துகிறேன் என்று ஏசாயாவில் எழுதியிருக்கிறதே. விளக்குகளை அணைப்பான். சூரியனும் சந்திரனும் இருண்டன என்று யோவேலில் இருக்கிறதே. பேசாமல் உட்கார்ந்திருப்பான். 'அவன் தனித்து உட்கார்ந்து மௌனமாயிருக்கட்டும்' என்று புலம்பலிலேயே இருக்கிறதே. இந்தக் கடைசி வசனம் உண்மையில் நுகத்தைச் சுமக்கிற ஒரு மனிதனைப் பற்றியது. ரபிகள் அதைத் தூக்கிக் கடவுள்மேல் வைத்துவிட்டார்கள். துக்க வீட்டில் துக்கப்படுகிறவர் வாய்திறக்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக்கூடாது என்பது யூத வழக்கம். அப்படியானால் புலம்பலில் கடவுள் பதில் சொல்லாதது கல்மனசு அல்ல, இழவு வீட்டு மௌனம். சொந்த வீட்டு இழவு.

இதெல்லாம் சொல்லலாமா என்ற கூச்சம் அவர்களுக்கும் இருந்தது. கடவுளைப் பற்றித் துணிச்சலாக ஒன்றைச் சொல்லுமுன் 'கிவ்யகோல்' என்று ஒரு சொல்லைப் போடுவார்கள். 'இப்படிச் சொல்லக்கூடுமானால்' என்பதுபோல ஒரு முன்ஜாமீன். சில இடங்களில், 'வேதத்திலேயே எழுதியிராவிட்டால் நாக்கு எழும்பாது' என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, சொல்லவேண்டியதை முழுக்கச் சொல்லியும் விடுவார்கள்.

அப்படி முழுக்கச் சொன்ன இடம் 24-ஆவது முன்னுரை. எய்கா ரப்பாவில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் போதும். ஆலயம் எரிந்துவிட்டது. கடவுள் அழுகிறார். மெத்தத்ரோன் என்ற தேவதூதர் வந்து முகங்குப்புற விழுந்து, 'உலகங்களின் ஆண்டவரே, நான் அழுகிறேன், நீர் அழவேண்டாம்' என்கிறார். கடவுள் சொல்கிறார்: 'இங்கே என்னை அழ விடாவிட்டால், நீ நுழைய உத்தரவில்லாத இடத்துக்குப் போய் அழுவேன்.' எரேமியாவில் 'என் ஆத்துமா மறைவிடங்களில் அழும்' என்று இருப்பதுதான் ஆதாரம். பிறகு எரேமியாவிடம் சொல்கிறார்: எனக்கு ஒரே மகன், அவனுக்குக் கல்யாணப் பந்தல் போட்டேன், பந்தலுக்குள்ளேயே செத்துவிட்டான். போய் ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் மோசேயையும் கல்லறையிலிருந்து கூப்பிடு, அவர்களுக்கு அழத் தெரியும்.

வந்தவர்கள் அழுவதோடு நிற்கவில்லை, வழக்காட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கேதான் எழுத்துகள் வருகின்றன. புலம்பலின் முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் எபிரேய அகரவரிசைப்படி, 22 எழுத்துக்கு 22 வசனமாக அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஆத்திசூடி படித்த நமக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஏன் அகரவரிசை என்று கேட்டவர்களுக்கு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வேதத்தை மீறினார்கள், அதனால்தான் என்று ஒரு ரபி மரபு பதில் சொல்லியிருந்தது. பதில் கச்சிதம். எனக்கு அது அடிபட்டவனிடம் அடிக்குக் கணக்குக் காட்டுவதுபோல் இருக்கிறது. 24-ஆவது முன்னுரையில் அதே 22 எழுத்தும் இஸ்ரவேலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகின்றன. ஆபிரகாம் ஆலெஃபை நிறுத்திக் கேட்கிறார்: எழுத்துகளுக்கெல்லாம் தலைவன் நீ, ஆபத்து நாளில் என் பிள்ளைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தாயா? சீனாய் மலையில் கடவுள் பத்துக் கட்டளையை உன்னை வைத்துத்தானே தொடங்கினார்? எந்த ஜாதியும் உன்னை ஏற்றுக்கொள்ளவில்லை, என் பிள்ளைகள்தானே ஏற்றார்கள்? ஆலெஃப் ஒதுங்கிக்கொள்கிறது. பெத் வருகிறது, அதையும் மடக்குகிறார். கிமெலையும் மடக்கியதும் மற்ற எழுத்துகள் வெட்கப்பட்டு வாய்மூடிக்கொள்கின்றன. அகரவரிசைக் குற்றப்பத்திரிகையை மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

மோசே அதைவிடக் கடுமையாகக் கேட்கிறார். மாட்டையும் அதன் கன்றையும் ஒரே நாளில் கொல்லாதே என்று உமது சட்டத்தில் எழுதினீரே. இங்கே எத்தனை தாய்களைப் பிள்ளைகளோடு கொன்றார்கள், நீர் சும்மா இருந்தீரே? சட்டம் கொடுத்தவரையே சட்டத்தின் முன்னால் நிறுத்துகிற கேள்வி. பதில் வரவில்லை.

அப்போது யாரும் கூப்பிடாமலே ராகேல் பாய்ந்து முன்னே வருகிறாள். யாக்கோபு அவளுக்காக ஏழு வருஷம் உழைத்தான். கல்யாண ராத்திரி அவளுடைய அப்பன் லாபான் அக்காள் லேயாளை மாற்றி அனுப்பத் திட்டம் போட்டான். இதுவரைதான் ஆதியாகமத்தில் இருக்கிறது. மிச்சம் மித்ராஷ் சொல்வது. ஏமாறாமலிருக்க ராகேலும் யாக்கோபும் தங்களுக்குள் அடையாளம் பேசி வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அக்காள் அவமானப்படுவாளே என்று ராகேலுக்கு மனசு இளகிவிட்டது. அடையாளங்களை லேயாளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதுமட்டுமா, கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். யாக்கோபு பேசும்போது லேயாள் பேசாமல் இருக்க, ராகேல் கீழேயிருந்து பதில் சொன்னாள். இதைச் சொல்லிவிட்டுக் கடவுளைக் கேட்கிறாள்: நான் வெறும் மண்ணும் சாம்பலும், சக்களத்திமேல் எனக்குப் பொறாமை வரவில்லை. நீர் இரக்கமுள்ள ராஜா, உயிரில்லாத விக்கிரகத்தின்மேல் உமக்கு என்ன பொறாமை, என் பிள்ளைகளை நாடுகடத்திவிட்டீரே?

பத்துக் கட்டளையில் கடவுள் தன்னை 'எரிச்சலுள்ள தேவன்', அதாவது பொறாமையுள்ளவர், என்று சொல்லிக்கொள்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அடி எங்கே விழுகிறது என்று தெரியும். உடனே கடவுள் மனம் இரங்கி, ராகேலே, உன்னிமித்தம் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். 'ராமாவிலே ஒரு சத்தம் கேட்கப்பட்டது, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள்' என்ற எரேமியா வசனத்துக்கு இது முன்கதையாகிவிடுகிறது.

எல்லா மித்ராஷும் இப்படி எதிர்த்து நிற்பதில்லை. ஆறுதல் சொல்பவையும் உண்டு, அவற்றில் எல்லாமே ஒட்டுவதில்லை. ஆலயம் பாழானதைப் பற்றிய சங்கீதம் 79-க்கு ஏன் 'பாட்டு' என்று தலைப்பு, 'ஒப்பாரி' என்று இருக்கவேண்டாமா என்று ஒரு கேள்வி. பதிலுக்கு ஓர் உவமை: மகனுக்குக் கட்டிய மணவறையை ராஜா கோபத்தில் உடைத்துப்போட்டார். மகனின் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து குழல் ஊதினாராம், கோபம் மகன்மேல் விழாமல் கட்டடத்தின்மேல் போயிற்றே என்று. கடவுளும் கட்டைமேலும் கல்மேலும்தான் கோபத்தைக் கொட்டினார், ஜனத்தின்மேல் அல்ல. பேத்தாரில் செத்தவர்களைப் பற்றி இதே நூல் வேறு இடத்தில் சொல்வதைப் படித்துவிட்டு வந்தால் இந்தக் குழல் காதில் ஏறாது.

இன்னொரு ராஜா உவமை அப்படியல்ல. ஒரு ராஜா ஒரு பெண்ணைக் கட்டினார். அவளுக்குப் பெரிய கெதுபா எழுதிக்கொடுத்தார். கெதுபா என்றால் மனைவிக்குக் கணவன் எழுதித்தரும் கல்யாணப் பத்திரம், இன்னின்னது தருவேன் என்று. பிறகு கடல்கடந்து போனவர் வருஷக்கணக்கில் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் குத்திக்காட்டினார்கள்: உன் புருஷன் இனி எங்கே வரப்போகிறான்? அவள் அழுவாள். அழுதுவிட்டு வீட்டுக்குள் போய், கெதுபாவை எடுத்துப் பிரித்து வாசித்து மனசைத் தேற்றிக்கொள்வாள். ஒருநாள் ராஜா வந்துவிட்டார். இத்தனை வருஷம் எப்படிக் காத்திருந்தாய் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நீர் எழுதிய பத்திரம் மட்டும் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தார் என்னைக் கெடுத்திருப்பார்கள் என்றாள். கெதுபா என்பது தோரா, வேதச்சுருள். புலம்பல் மூன்றாம் அதிகாரத்தின் 'இதை மனதில் வைத்து நம்பிக்கொண்டிருப்பேன்' என்ற வசனத்தில் 'இது' என்றால் எது என்ற கேள்விக்குத்தான் இவ்வளவும்.

துன்பத்துக்கு ரபிகள் ஒரே பதிலில் உறுதியாக நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற பெருநூலில் ஒரு காட்சி. ரபி கியா பார் அபா நோயில் விழுந்திருக்கிறார். துன்பத்தை அன்போடு ஏற்றுக்கொண்டால் பெரிய பலன் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பார்க்க வந்த ரபி யோகனான், 60 விளக்கம் சொன்ன அதே யோகனான்தான், 'இந்த வேதனை உமக்குப் பிரியமானதா?' என்று கேட்கிறார். 'வேதனையும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்.' யோகனான் மேற்கொண்டு போதிக்கவில்லை. 'கையைக் கொடும்' என்கிறார். கையைக் கொடுத்தார், தூக்கிவிட்டார்.

புலம்பலின் கடைசிக்கு முந்தைய வசனம், எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும், திரும்புவோம் என்று கேட்கிறது. மித்ராஷில் இது ஒரு வாக்குவாதம். திருப்புவது உம்முடைய வேலை என்கிறார்கள் இஸ்ரவேலர். இல்லை, உங்களுடைய வேலை, முதலில் நீங்கள் திரும்புங்கள், நான் உங்களிடம் திரும்புவேன் என்று மல்கியா வசனத்தைக் காட்டுகிறார் கடவுள். இல்லை, உம்முடையதுதான் என்று அவர்கள் மறுபடியும் சொல்கிறார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வசனம், நூலின் கடைசி வசனம், நீர் எங்களை முழுக்கத் தள்ளிவிட்டீரோ என்ற கசப்பில் முடிகிறது. ஆவ் 9-ஆம் நாள் இரவில் ஜெப ஆலயத்தில் வாசிப்பவர் அதை வாசித்து முடித்துவிட்டுச் சுருளை மூடுவதில்லை. ஒரு வசனம் பின்னே போய், 'எங்களைத் திருப்பிக்கொள்ளும்' என்பதைச் சபையோர் எல்லோரும் உரக்கச் சொல்ல, வாசிப்பவரும் திரும்பச் சொல்லி, அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்.